ஜரிகையில் தொங்கிய உருண்டைகள்

மின்னூட்டக் கணக்கு ஸ்வர்ணலதாவுக்குத் தண்ணி பட்ட பாடு. கூலூம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள். அப்படிப்பட்டவள் மூன்று வருஷமாகக் கண்ணமங்கலத்துப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்குத் தாவரத்தின் பாகங்களை நடத்திக்கொண்டிருந்தாள். எம்.எஸ்ஸி., பி.எட். படித்தவளை வேர், தண்டு, இலை என்று சொல்ல வைத்தது அநியாயம்தான், வேறென்ன.

ஆரணிக்குள்ளேயே ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ இயற்பியலுக்கு ஆள் தேவை என்று தெரிந்ததும், அந்த வேலை தனக்குத்தான் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். பாக்கி இருந்தது ஒரே ஒரு டெமோ கிளாஸ். அதில் சொதப்பினால் மறுபடியும் கண்ணமங்கலம் பஸ், மறுபடியும் வேர், தண்டு, இலை.

டெமோ அன்று காலை அலுமினியத் தாள் சுற்றிய இரண்டு தெர்மோகோல் உருண்டைகளைத் தயார் செய்துகொண்டு, தறியில் உட்கார்ந்திருந்த கணவன் ஜெயக்குமாரிடம் போனாள்.

"பட்டு நூல் ரெண்டு முழம் குடுங்க. இதைத் தொங்க விடணும்."

அவன் உருண்டைகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "டெமோன்னு சொல்ற, வெறும் நூலையா கட்டிகினு போவ? கடைசி பெஞ்சு வரைக்கும் தெரிய வேணாமா?" என்று பெட்டியைத் திறந்து அசல் ஜரிகை எடுத்துக் கொடுத்தான். கல்யாணப் புடவைக்கு வைத்திருந்தது. பெண்டாட்டி படிப்புக்கு ஏத்த வேலைக்குப் போகப்போகிற சந்தோஷம் அவனுக்கு.

வேறு வீடாக இருந்தால் தையல் நூல் கிடைத்திருக்கும், கதையும் அதோடு முடிந்திருக்கும். நெசவு வீட்டில் நல்ல நாளுக்கு ஜரிகைதான். ஸ்வர்ணலதா ஒரு கணம் யோசித்தாள். ஜரிகைக்கு உள்ளே ஓடுவது பட்டு, பட்டில் மின்சாரம் பாயாது, ஆகவே சரி. முடிச்சுப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். கோட்டை விட்டது அங்கேதான்.

பத்து மணிக்கு வகுப்பு. நாற்பது பிள்ளைகள். கடைசி பெஞ்சில் பிரின்சிபால் ஜீவானந்தம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் இல்லாததால் அந்த வகுப்புக்கு அவரே பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். முதல் நாள் டெமோ கொடுத்தவர் வேலூரிலிருந்து வந்தவர். ஸ்லைடு, வீடியோ என்று அமர்க்களப்படுத்திவிட்டுப் போயிருந்தார்.

ஸ்வர்ணலதா சாக்பீஸை எடுத்தாள். ஒரே அளவுள்ள இரண்டு உலோகக் கோளங்கள். ஒன்றில் பிளஸ் ஆறு மைக்ரோ கூலூம், மற்றதில் மைனஸ் இரண்டு. தொட வைத்து, பிரித்து, பழைய தூரத்திலேயே வைத்தால் விசை என்ன ஆகும்?

"ஒவ்வொண்ணுலயும் நாலு, மிஸ்" என்றாள் முதல் பெஞ்சில் இருந்த கனிமொழி.

"ஆறையும் ரெண்டையும் கூட்டிட்டியா? மைனஸ் எங்கம்மா போச்சு? தொட்டதும் அந்த மைனஸ் ரெண்டு, ஆறுல ரெண்டைத் தின்னுடும். மிச்சம் நாலு. அதைத்தான் ரெண்டு பேரும் பிரிச்சுக்கணும்."

ஆளுக்குப் பிளஸ் இரண்டு. முன்னே பெருக்கினால் பன்னிரண்டு, இப்போது நாலு. விசை மூன்றில் ஒரு பங்கு. முன்னே இழுத்தவை இப்போது தள்ளும். கரும்பலகையில் கணக்கு நாலே வரியில் முடிந்தது. ஸ்வர்ணலதாவுக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது.

"தள்ளுதா இல்லையான்னு கண்ணாலயே பாத்துடலாம்" என்று உருண்டைகள் இரண்டும் ஒட்டி நிற்கும்படி இரும்பு ஸ்டாண்டில் கட்டித் தொங்கவிட்டாள். ஜரிகை பளபளவென்று கடைசி பெஞ்சு வரைக்கும் தெரிந்தது. பிளாஸ்டிக் குழாயைக் கம்பளித் துணியில் பரபரவென்று தேய்த்து, அதனால் உருண்டைகளைத் தொட்டாள். இரண்டும் விலகி நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. குழாயை நோக்கி ஓடி வந்தன. குழாயை எடுத்ததும் பழையபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மறுபடி தேய்த்தாள். மறுபடியும் அதே கூத்து. பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்க, சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது.

"ராத்திரி மழைங்க. காத்துல ஈரம் இருக்கு, அதான். விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க" என்றார் ஜீவானந்தம்.

நல்ல மனுஷன், கௌரவமாக வெளியேற வழி காட்டினார். தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் ஸ்வர்ணலதா ஜரிகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டின் மேல் சுற்றியிருப்பது வெள்ளி. வெள்ளியில் பாயாத மின்சாரம் வேறு எதில் பாயும்? காது மடல் வரைக்கும் சூடேறியது. வெட்கம்தான். சப்பைக்கட்டு கட்டித் தப்பித்தால் இந்த நாற்பது பேரும் மழையைக் காரணமாக எழுதிக்கொள்வார்கள், அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஈரம் இல்லைங்க சார். தப்பு என்னோடது" என்றாள். சிரிப்பு நின்றது. "நான் குடுத்த சார்ஜ் எங்க போயிருக்கும்? இந்த ஊர்ப் பிள்ளைங்கதானே நீங்க, சொல்லுங்க. இது இன்னா நூலு?"

"ஜரிகை" என்றது பாதி வகுப்பு. கனிமொழி எழுந்துவிட்டாள். "மிஸ், ஜரிகைல வெள்ளி இருக்கு. எங்க வீட்ல அசலான்னு உரசிப் பாப்பாங்க. அதுவழியா ஸ்டாண்டுக்குப் போயி, தரைக்குப் போயிருக்கும்."

"அப்போ ஒண்ணையொண்ணு தொட்டது ரெண்டு உருண்டை மட்டும்தானா?"

கனிமொழி ஸ்டாண்டைக் கையால் காட்டினாள். "இல்ல மிஸ். உருண்டை, ஜரிகை, ஸ்டாண்டு, பூமி. எல்லாம் தொட்டுகினுதான் இருக்கு."

"அதான் விஷயம். ரெண்டால வகுக்கிறோமே, அது சட்டம் இல்ல. ரெண்டும் ஒரே அளவுன்னாதான் சரிபாதி. ஒண்ணு பெருசுன்னா அது அதிகமா வாங்கிக்கும். அந்த இன்னொண்ணு பூமின்னா? உருண்டைக்கு மிச்சம் ஒண்ணும் இல்ல."

சொல்லிக்கொண்டே முந்தானையை இழுத்துக் குஞ்சத்தைப் பிரித்தாள். ஜெயக்குமார் நெய்த புடவை. குஞ்சம் சுத்தமான பட்டு நூல். பல்லால் கடித்து நாலு இழை எடுத்து, இரண்டிரண்டாக முடிந்து, உருண்டைகளை அதில் கட்டினாள். குழாயைத் தேய்த்துத் தொட்டாள்.

உருண்டைகள் இரண்டும் விலகின. குழாயை எடுத்த பிறகும் விலகியே நின்றன. முதலில் ஒரு கை உயர்ந்தது, அப்புறம் ஏழு, அப்புறம் அவளால் எண்ண முடியவில்லை. ஒன்று மூன்று மடங்கு பெரிசென்றால் எப்படிப் பிரிப்பது? கையால் தொட்டால் என்ன ஆகும்? மூன்று உருண்டை தொட்டுக்கொண்டால்? மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

பிரின்சிபால் அறையில் ஜீவானந்தம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நேத்து வந்தவரு ஒரு தப்பும் பண்ணலைங்க. பசங்க ஒரு கேள்வியும் கேக்கல. நானும் இருபது வருஷமா இந்தக் கணக்கைப் போட்டுகினு இருக்கேன். எதுக்கு ரெண்டால வகுக்கறோம்னு ஒருத்தனும் கேட்டதில்ல. கேக்கற மாதிரி நானும் நடத்தினதில்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்தியானம் அஞ்சாவது பீரியடும் அவங்களுக்கு இயற்பியல்தான். நான்தான் போகணும். நீங்க போறீங்களா?"

"போறேன் சார்" என்றாள். வேலை கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கண் கலங்கிவிட்டது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

வராந்தாவுக்கு வந்து ஜெயக்குமாருக்குப் போன் போட்டாள். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"சோத்துக்கு எனக்காகக் காத்துகினு இருக்காதீங்க. மத்தியானம் கிளாஸ் இருக்கு."

தறிச் சத்தம் நின்றது. "யார் கிளாஸு?"

"என் கிளாஸு."