மேகி ஓடையின் இரண்டாவது தண்ணீர்

மேகி ஓடைக்கு இரண்டு கிளை. மேற்குக் கிளை பக்கத்துக் கல்மலையிலிருந்து குடுகுடுவென்று ஓடி வந்துவிடும். கிழக்குக் கிளை மலைக்குப் பின்னால் சுற்றி, சதுப்பில் படுத்து எழுந்து, ஆற அமர வரும். அதனால் பெருமழை பெய்தால் எங்களுக்கு வெள்ளம் இரண்டு தடவை. முதல் தண்ணீர் வடிந்து தரைப்பாலம் தலைகாட்டியதும் வண்டியை இறக்குகிறவன்தான் சாவான். இங்கேயே பிறந்த டேரலுக்கும் இது தெரியும். ஆனால் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

பெருமழையின் முதல் தண்ணீர் வடிந்திருந்த அன்று, மதியத்துக்குள் மகள் டெஸ்ஸாவை டவுனில் இருக்கும் அவள் அம்மாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. ஏற்கெனவே பிந்திப் போய் நீதிபதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். இன்னொரு முறை பிந்தினால் பிள்ளையைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. பெரிய பாலம் வழியாகச் சுற்றிப் போனால் சாயங்காலமாகிவிடும்.

தரைப்பாலத்துக்கு இறங்கும் பள்ளத்தில் பக்கத்துப் பண்ணை கிளெனிஸ் தன் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தியிருந்தாள். தனியாக மாடு வளர்த்துப் பிழைக்கிறவள், யாருக்கும் பயப்படாதவள். டேரல் பிக்கப் வண்டியை மேட்டில் நிறுத்தி, டெஸ்ஸாவை உள்ளேயே விட்டுவிட்டு இறங்கினான்.

"டிராக்டரை எடு, கிளெனிஸ்."

"கிழக்குத் தண்ணி இன்னும் வரலை. வந்து போகட்டும்."

"முட்டி அளவுகூட இல்லை. என் பொண்ணு எனக்கு இல்லாம போகணுமா?"

"உங்கப்பனும் இப்படித்தான் ஓடையில குதிப்பான். அவனாவது பிள்ளைய ஏத்திக்காம தனியா குதிச்சான்."

சொல்லிவிட்டு, டிராக்டர் சாவியைப் பிடுங்கி ஓடையில் எறிந்தாள். அவ்வளவுதான். டேரல் வண்டியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்து வந்தான். முதல் அடியில் டிராக்டர் விளக்கு நொறுங்கியது, இரண்டாவது அவள் தோளில் இறங்கியது. அவள் டிராக்டரில் கிடந்த மண்வெட்டியின் காம்பால் அவன் முழங்காலை விளாசினாள். விழுந்தவன் எழுந்து அவள் முகத்தில் குத்தினான். பல் உடைந்து சேற்றில் ரத்தம் கொட்டியது. வண்டிக்குள் டெஸ்ஸா காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டாள். அவன் காதில் அது விழவில்லை. டிராக்டரில் ஏறி ஒயர்களைப் பிய்த்து இணைத்துக் கிளப்பப் பார்த்தான்.

அப்போது ஓடையின் மேல்பக்கம் பாறைகள் உருளும் சத்தம் கேட்டது. கிளெனிஸ் உடைந்த வாயோடு அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, மேட்டுக்குத் தரதரவென்று இழுத்துப் போனாள். வேரோடு பிடுங்கிய மரங்களும் ஒரு செத்த பசுவும் முன்னால் உருண்டு வர, பழுப்புத் தண்ணீர் பாலத்தை விழுங்கியது. டிராக்டர் ஒரு தடவை புரண்டது, பிறகு காணவில்லை.

டேரல் டெஸ்ஸாவின் அம்மாவுக்குப் போன் செய்தான். பிந்தித்தான் வருவேன் என்றான். கிளெனிஸை அடித்து மூஞ்சியை உடைத்துவிட்டேன், போலீசுக்குச் சொல்லிவிடு என்றும் அவனே சொன்னான். சொல்லிவிட்டு வெட்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்தான்.

கிளெனிஸ் ரத்தத்தைத் துப்பினாள். "கோர்ட் பிள்ளையப் பிடுங்கினா கெஞ்சியாவது திரும்ப வாங்கலாம், டேரல். ஓடை பிடுங்கினா யார்கிட்ட போய்க் கேப்பே? தடுக்கிறவங்க மேல கை ஓங்குறதுக்கு முன்னாடி, வண்டியில யார் உட்கார்ந்திருக்காங்கன்னு ஒருதரம் திரும்பிப் பாரு."