பேக்கரி வளைவு

வரைபடத்தில் வீட்டைக் கண்டுபிடித்ததும் கணவர் அவளுடைய முழங்கையை இடித்தார்.

"வெள்ளை! நம்ம வீடு வெள்ளையில இருக்கு!"

நூலக மாடியில் கூட்டம் நெருக்கியடித்தது. ஆறு பெருகினால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று புதிதாக அளந்து, அந்த இடங்களுக்கெல்லாம் நீலம் பூசிச் சுவர் நீளத்துக்கு மாட்டியிருந்தார்கள். தப்பிருந்தால் நேரில் வந்து சொல்லலாம் என்று வீடு வீடாகத் துண்டுச்சீட்டு கொடுத்திருந்தார்கள். கணவர் மூன்று நாளாகச் சண்டைக்கு ஒத்திகை பார்த்திருந்தார். வீட்டை விற்றுவிட்டு மகளுக்குப் பக்கத்தில் குடியேற வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறார். நீலத்தில் கிடக்கும் வீட்டை யார் சீந்துவார்கள்?

"வந்த வேலை முடிஞ்சுது. வா, கெளம்பலாம்."

அவள் அசையவில்லை. பதினாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவளுக்கு ஊர் என்பது வளைவுகளும் பள்ளங்களும்தான். கண் தானாக ஒன்பதாவது நிறுத்தத்துக்குப் போயிற்று. பேக்கரி வளைவு. அதுவும் வெள்ளை. போதாததற்கு, வெள்ளத்தின்போது ஜனங்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி என்று அதன் மேலேயே ஒரு பச்சை அம்புக்குறி ஒட்டியிருந்தது.

போன மழையில் அந்த வளைவில்தான் பேருந்து நின்றுபோனது. ஆறு அப்போது கரை தாண்டவே இல்லை. சாக்கடை வழியாக எதிர்த்து ஏறிய தண்ணீர் இரண்டாவது படியைத் தொட்டது. உள்ளே பதினோரு பிள்ளைகள். பயந்துவிடக் கூடாதென்று வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள். ஏழாம் வாய்ப்பாட்டில் டிராக்டர் வந்து சேர்ந்தது.

"ஏங்க, அந்த வளைவு தப்பா இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்." குரலைத் தாழ்த்தினார். "அது நீலமானா, அதுக்குக் கீழ இருக்கற நம்ம வீடு என்னாகும்? யோசிச்சியா?"

யோசித்திருந்தாள். ஆனால் அந்த அம்பை நம்பி யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினால்? கால்கள் அவளைக் கேட்காமலே திருத்தம் எழுதிக்கொள்ளும் மேசைப்பக்கம் நடந்தன.

பேக்கரி வளைவில் தண்ணீர் ஏறியதை அவள் சொன்னதும், கொண்டையில் பேனா செருகியிருந்த பொறியாளர் பெண் நிமிர்ந்தாள். "தண்ணி எவ்வளவும்மா நின்னுது?"

"என் பஸ்ஸோட ரெண்டாவது படி வரைக்கும்."

பொறியாளர் சிரிக்கவில்லை. படியின் உயரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். எழுந்து போய்ப் பச்சை அம்பை நகத்தால் நெம்பி உரித்தாள். பிறகு ஒரு நீலப் பென்சிலை நீட்டினாள். "எதுவரைக்கும்னு நீங்களே போட்டுக் காட்டுங்க."

பேக்கரியில் தொடங்கிய கோடு மருந்துக்கடையைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கியது. சொந்த வீட்டு வாசலில் கை நின்றுவிட்டது.

பின்னால் ஒரு கனைப்பு. கணவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஏன் நிறுத்தற?"

"வாசல் வரைக்கும்தானே..."

"வாசலா? அதே மழையில நம்ம சமையலறையில காஸ் சிலிண்டரே மெதந்துது. நான்தான அதைக் கட்டிப்பிடிச்சிட்டு நின்னேன்? அன்னைக்கு ராத்திரி முச்சூடும் நீ சிரிச்சியே!"

இப்போதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப ஞாயித்துக்கிழமை?"

"வரட்டும். அந்தக் கதைய நானே சொல்றேன். அதைக் கேட்டுட்டும் வீடு வேணும்னா, அவர்தான் நமக்கேத்த ஆளு. இங்க கொடு."

பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வரைபடத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, நகக்கண் அளவுகூட இல்லாத அந்தச் சமையலறையைச் சுவரைத் தாண்டாமல் கவனமாக நிரப்ப ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் பென்சிலுக்கு வரிசை மாடிப்படி வரை நீண்டிருந்தது.