நினைவுக்கல் எடை குறைந்த விவரம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், போரில் உயிர் கொடுத்த எங்கள் ஊரின் ஒரே வீரருக்கு எழுப்பப்பட்ட நினைவுக்கல், திறப்பு விழாவன்று காலை பதினோரு மணிக்கு, போட்ட மாலையோடு தரையிலிருந்து ஆறடி உயரத்தில் நின்றது. கல்லின் எடை எழுநூறு கிலோ. அதற்கு மேல் போகாததற்குக் காரணம், சிறப்பு விருந்தினர் இன்னும் பேச ஆரம்பிக்காததுதான்.

வீரரின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதும் பொறுப்பை ஊர்த் தலைவர் ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் கொடுத்திருந்தார். ஆராய்ச்சி இரண்டு மாதம், பெரும்பாலும் சாய்வு நாற்காலியில் நடந்தது. வீரரின் மனைவி, தையல்காரம்மா, நாலு வீடு தள்ளித்தான் இருந்தார். அங்கே மட்டும் வாத்தியார் போகவில்லை. குடும்பத்தார் சொல்வது வரலாறு ஆகாது என்பது அவர் கொள்கை. ‘சிறுவயதிலேயே புலியை விரட்டினார்’ என்று அவர் எழுதிக் கொடுத்ததை வெட்டியதும் கல்லை இரண்டு பேர் தூக்க முடிந்தது. ‘தாய்நாடு அழைத்ததும் சிங்கமெனப் பாய்ந்தார்’ என்றதும் கல்தச்சர் முழங்காலால் தள்ளினார், நகர்ந்தது. ‘தனியாளாய் நாற்பது பேரை வீழ்த்தினார்’ என்று முடித்த அன்று அதைக் கன்றுக்குட்டி மாதிரி கயிற்றில் கட்ட வேண்டியதாயிற்று. விஷயத்தைத் தலைவரிடம் சொன்னார்கள். “நல்லதாப் போச்சு, கிரேன் வேண்டாம்” என்றார்.

விழாவில் ஒவ்வொரு பேச்சுக்கும் கல் ஒரு சாண் ஏறியது. வாத்தியாரின் கவிதைக்குக் கயிறே அறுந்தது. கீழே தையல்காரம்மா ஒரு மண்ணெண்ணெய்க் கேனோடு நின்றிருந்தார். போர்க்களத்திலிருந்து கணவரின் உடல் வரவில்லை, அந்தக் கேனும் கூட இருந்த சிப்பாயின் கடிதமும்தான் வந்தன. அவர் கேட்டது ஒன்றுதான்: கணவன் பெயரைக் கையால் தொட ஓர் இடம். அந்தப் பெயர் இப்போது எட்டாத உயரத்தில் இருந்தது.

“தலைவரே, எழுதினதெல்லாம் பொய். அதான் மிதக்குது.”

“இப்ப வேணாம்மா, விருந்தினர் காத்திருக்கார்.”

“அவர் பேசினா கல்லு கண்ணுக்கே தெரியாது, பரவாயில்லையா?” என்றவர் கல்தச்சரிடம் திரும்பினார். “அண்ணே, ஏணியப் போடுங்க. நான் சொல்றத வெட்டுங்க.”

கல்தச்சர் முதலில் புலியைச் செதுக்கி எடுத்தார். சில்லுகள் கீழே விழாமல் மேலே போயின. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார் என்று வெட்டியதும் கல் ஒரு முழம் இறங்கியது. நாயைக் கண்டால் தெரு மாறிப் போவார், அரை முழம்.

“மண்ணெண்ணெய் குடுக்கறாங்கன்னு நெனச்சுதான் அந்த வரிசைல நின்னாரு. கிட்டப் போனப்புறம்தான் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சுது. அத்தனை பேரு பாக்கறப்ப திரும்பி வர வெக்கம். கையெழுத்துப் போட்டுட்டாரு, கேனோட.”

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். கல் ஏணியின் முதல் படிக்கு வந்துவிட்டது. பிறகு கடிதத்தைப் பிரித்தார்.

“அடிபட்டவங்க தண்ணி கேட்டிருக்காங்க. குண்டு விழுந்துக்கிட்டு இருக்கு. இவரு நடுங்கிக்கிட்டே கேனை எடுத்துட்டுப் போய் மூணு தடவை கொண்டாந்தாரு. நாலாவது தடவை வரல. தண்ணில மண்ணெண்ணெய் வாசம் அடிச்சுதாம். குடிச்ச பதினோரு பேரும் பொழைச்சுட்டாங்க.”

கல்தச்சர் வெட்டி முடிக்க மாலையாயிற்று. விருந்தினர் இரண்டு முறை தூங்கி எழுந்தார். கடைசி எழுத்தில் உளி பட்டதும் கல் தடாலென்று தரையில் இறங்கி நாலு விரல் புதைந்தது. மேடையில் நாற்காலிகள் துள்ளின, தலைவரோடு சேர்த்து. பெயர் சரியாக அந்த அம்மாவின் நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றது. அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். ஊரே எழுந்து நின்று கை தட்டியது. தட்டியவர்களில் வாத்தியாரும் உண்டு.

ஒன்பது வருடம் கழித்துச் சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் கல்லில் இரண்டு இயந்திரங்களைக் கட்டி இழுத்தார்கள். இயந்திரங்கள்தான் நகர்ந்தன. சாலை அந்த இடத்தில் வளைந்து போகிறது.

எதிரே இப்போது மண்ணெண்ணெய்க் கடை. வரிசை கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. கேன் வைக்க உயரம் சரியாக இருக்கிறது.