கோழித் தீன்

விடியற்காலைச் சுபஹு பாங்கு முடியும் முன்னமே றவூப் ஹாஜியாரின் ஆலையில் அவித்த நெல் களத்துக்கு வந்துவிடும். ஆவி பறக்கிற நெல்லை வெறுங்காலால் கிளறிப் பரப்புவது பெண்களின் வேலை. பாதம் வெந்து தோல் உரியும். காறித் துப்பினால் உமித் தூசி கறுப்பாக வரும். வெயில் ஏறியதும் உள்ளே போய் ஆலைத் தரையைக் கூட்ட வேண்டும். சிந்திய அரிசி, எலிப் புழுக்கை, இயந்திரத்து எண்ணெய், லொறிக்காரன் துப்பிய வெற்றிலை எச்சில் எல்லாவற்றையும் அள்ளிச் சாக்கில் கட்டினால் அதற்குப் பெயர் கோழித் தீன். அதைக் கூட்டிக் கட்டுகிறவளின் பெயர் சித்தி லைலா.

அவளுடைய நாலு வயது மகள் றிஸ்னா பகலில் இருப்பது சிஸ்டர் ஜெசிந்தாவின் பிள்ளைகள் இல்லத்தில். கத்தோலிக்க மறைமாவட்டத்தின் சமூகப் பணியாட்கள் நடத்தும் இடம் அது. சின்னதுகளுக்குப் பாலர் பாடசாலை, பெரியதுகளுக்குப் பின்னேர வகுப்பு, எல்லாருக்கும் மதியச் சோறு. முக்காடு போட்ட உம்மாமாரின் பிள்ளைகளும் பொட்டு வைத்த அம்மாமாரின் பிள்ளைகளும் ஒரே பாயில் தூங்கும். அந்த நன்மையையும் ஹாஜியார் விட்டுவைக்கவில்லை. கிழமைக்கொருதரம் பெண்களுக்குக் கொடுத்துவந்த குறுணல் அரிசியைப் போன மாதம் நிறுத்திப்போட்டார்.

"உங்கட புள்ளையள் சிஸ்டர்ர இடத்தில தின்னுதுகள்தானே? பொறகு என்னத்துக்குக் குறுணல்?"

அடச் சீ! அடுத்தவர் ஊட்டுகிற சோற்றையும் தான் கொடுக்கிற கூலியில் சேர்க்கிற மனுசன்!

அதோடு விட்டாரா? இல்லத்துக்கு அரிசி தானம் செய்வதாகப் பதாகை அடித்தார். அரிசிச் சாக்கோடு ஆலைப் பெண்களையும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார், பக்கத்தில் நின்று படத்துக்குச் சிரிக்க. பிள்ளைகள் சோற்றுக் கோப்பையோடு வரிசையாக நின்றார்கள். சாக்கின் வாயை அவிழ்த்ததும் சித்தி லைலா எட்டிப் பார்த்தாள். நேற்று அவளே கட்டிய சாக்கு! வெற்றிலைச் சிவப்பு ஒட்டிய அரிசி மேலேயே கிடந்தது.

வாயைத் திறந்தால் வேலை போய்விடும். திறக்காவிட்டால் இது றிஸ்னாவின் வயிற்றுக்குள் போகும்.

"சிஸ்டர், அதத் தொடாதீங்க!" என்றாள். "அது கோழித் தீன். ஆலத் தரையில நான் கூட்டி அள்ளினது."

ஹாஜியாரின் முகம் கறுத்தது. "என்னகா கதைக்காய்? கழுவி ஆக்கினாச் சோறுதான். சும்மா கிடைக்கிறதுக்கும் நொட்டை சொல்றியா?"

"அப்ப உங்கட ஊட்டுக்குக் கொண்டுபோய் ஆக்குங்க ஹாஜியார். உங்கட பேரப்புள்ளைக்கு முதல்ல குடுங்க. எச்சிலக் குடுத்துப்போட்டு ஸதகா, தானம் எண்டு சொல்றீங்களே, த்தூ!"

"நாளையிலருந்து நீ ஆலைப் பக்கம் வரப்படா!"

சிஸ்டர் ஜெசிந்தா குனிந்து சாக்கின் வாயைத் தானே இறுக்கிக் கட்டினார். "கொண்டு போங்க ஹாஜியார். கஞ்சி குடிச்சாவது எங்கட பிள்ளைகள் இருக்கும்."

"உங்கட மறைமாவட்டப் பாதரிட்டச் சொல்லுவன் நான்!"

"சொல்லுங்க. நானும் சொல்லத்தான் போறன்."

மறுநாள் விடியும் முன்னமே சிஸ்டர் இல்லத்தைத் திறந்துவைத்தார். பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் பெண்கள் ஆலைக்கு வந்தார்கள். ஆனால் உள்ளே போகவில்லை. லைலாவோடு ஆலை வாசல் கேற்றடியில் நின்றார்கள். கொஞ்சம் பொறுத்து ஹாஜியாரே இறங்கி வந்தார். குரலில் தேன் வழிந்தது.

"சரி, நல்ல அரிசியே அனுப்புறன். குறுணலும் தாறன். எல்லாரும் வாங்க, லைலாவத் தவிர."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேரின் கால்கள் அசைந்தும் விட்டன. லைலா கேற்றை விட்டு விலகி வழிவிட்டாள். "போங்க. புள்ளையள் பசி கிடக்கப்படா" என்றாள்.

நாவிதன்வெளியிலிருந்து முதல் பஸ்ஸில் வேலைக்கு வருகிற மங்களம் அவள் கையை எட்டிப் பிடித்தாள்.

"உன்ன விட்டுப்போட்டு அந்த அரிசிய எப்பிடிப் புள்ளைக்கு ஊட்டுற? அதுவும் எச்சில்தான்கா."

சொல்லிவிட்டுக் கேற்றுக்குக் குறுக்கே குந்தினாள். லைலாவையும் இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள். அசைந்த கால்கள் திரும்பி வந்தன. ஒவ்வொருத்தியாக எல்லாரும் குந்தினார்கள்.

வெயில் ஏறியது. உள்ளே தொட்டியில் ஊறிய நெல், அவித்தாலும் பரப்ப ஆளில்லாததால், புளித்து நாறத் தொடங்கியது. ஹாஜியார் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். வெளியே ஒருத்தியும் எழும்பவில்லை.