ஆறரைக் கட்டைக்கு ஏறிய கேசட்

ஜெயலட்சுமி வாய் திறந்து முப்பத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தவர் அவள் கணவர் பழனிவேல். ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் வீட்டில் இப்படி ஓர் அமைதியை அவர் கண்டதில்லை.

"மாசாமாசம் ஆயுத பூஜை வந்தாக்கூட நல்லாத்தான் இருக்கும்," என்றார், சோற்றைப் பிசைந்தபடி.

ஜெயலட்சுமி முறைத்தாள். பதில் சொன்னால் தொண்டை தேய்ந்துவிடும். வாயிலிருந்த சித்தரத்தையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

எல்லாம் ஒரு கேசட்டால் வந்தது. எண்பத்தெட்டில், ஆடிக் கிருத்திகை அன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலில் அவள் பாடியதை மைக்செட் இராமச்சந்திரன் டேப்பில் பிடித்தார். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. சங்கீதம் படித்தவள் இல்லை. ஹார்மோனியக்காரர் எந்தச் சுருதி பிடித்தாரோ அதில் பாடினாள். அவர் மறுவருடமே போய்ச் சேர்ந்தார். கேசட் போகவில்லை. மண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை கல்யாணம், காதுகுத்து, டீக்கடை எல்லாவற்றிலும் ஓடியது. பிறகு சிடி ஆனது. இப்போது மெமரி கார்டு. குருவி மாதிரி உச்சிக்கு ஏறி, அங்கேயே மூச்சு விடாமல் நிற்கும் குரல்.

அந்தக் குரலோடு அவள் இருபத்துமூன்று வருடமாக மல்லுக்கட்டுகிறாள். முப்பது வயதில் பாடியபோது, "கேசட்டு மாதிரி இல்லியே" என்றார்கள். நாற்பதில், "வயசாயிடுச்சில்ல" என்று அவர்களே சமாதானமும் சொன்னார்கள். போன வருடம் குரல் அடியில் கனத்தபோது அவளும் ஒப்புக்கொண்டாள். உச்சம் இருபத்தாறோடு முடிந்தது, மீதியெல்லாம் இறக்கம்.

இந்த நேரத்தில்தான் பழனிவேலின் கம்பெனியில் ஆயுத பூஜைக்குப் பாடக் கூப்பிட்டார்கள். கீபோர்டு அந்தோணிராஜ். தூத்துக்குடிக்காரன், அதே கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை, சர்ச்சில் வாசித்துப் பழகியவன். 'ஒரிஜினல் கேசட் சுருதியில்' என்று கேன்டீன் பலகையில் எழுதியும்விட்டான். எட்ட முடியாவிட்டால் இனி மேடையே ஏறுவதில்லை என்று ஜெயலட்சுமி முடிவு செய்திருந்தாள். அதைப் பழனிவேலிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல வாய் திறக்க வேண்டுமே.

ஒத்திகை இராமச்சந்திரனின் சவுண்ட் சர்வீஸ் கடையில், கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே.

"ஆறரைக் கட்டைம்மா," என்றான் அந்தோணிராஜ், பக்தியோடு. "எப்படித்தான் ஏறுனியளோ! எங்க சர்ச்சுல சின்னப் பிள்ளையளே அந்த உசரத்துக்கு மூச்சு வாங்கும்."

இராமச்சந்திரன் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு லாரி ஸ்டார்ட் ஆகிற மாதிரிக் குரல். "நாலுல வெச்சுக்கயேம்பா," என்றார், ஒயரைப் பார்த்து.

"என்ன அண்ணாச்சி, போர்டுல எழுதியாச்சுல்லா."

ஜெயலட்சுமி சித்தரத்தையைத் துப்பினாள். முப்பத்தாறு மணி நேரச் சேமிப்பையும் திரட்டிக்கொண்டு ஏறினாள். உச்சியில் குரல் கீச்சென்று கிழிந்தது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

"இன்னொருக்கா பாப்பமாம்மா?"

இரண்டாம் முறையும் கிழிந்தது. எழுந்து போகத்தான் நாய் இல்லை.

"வுட்ரு," என்றாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை. "நாலுல புடி. ஒரு தபா எனக்காகப் பாடிட்டு வூட்டுக்குப் போறேன். பூஜைக்கு வேற ஆளப் பாத்துக்கோ."

நாலில் பாடினாள். எட்டிப் பிடிக்க எதுவும் இல்லாததால் குரல் தன் போக்கில் போனது. அவள் வெறுத்த அந்தக் கனம், பாட்டு கீழே இறங்கிய இடங்களில் தாங்கிப் பிடித்தது. ஒவ்வொரு சொல்லும் முழுதாக விழுந்தது. எதிரே செகண்ட் ஷிப்டுக்கு நின்றவர்கள் கையிலிருந்த போனைத் தாழ்த்தினார்கள். பஸ் வந்து ஹாரன் அடித்தது. யாரும் ஏறவில்லை. டிரைவர் இன்னொரு முறை அடிக்கக் கையைத் தூக்கி, அப்படியே வைத்திருந்தார். பழனிவேல்தான்.

அந்தோணிராஜ் கண்ணைத் துடைத்தான். "எம்மா, இப்பவே இப்படின்னா, அன்னைக்கு நேர்ல கேட்டிருந்தா நான் செத்தே போயிருப்பேன்."

ஜெயலட்சுமி பையை எடுத்தாள்.

"போவாதீங்கம்மா! சரி, அந்த அனவுன்சர் அக்காவையாவது வரச் சொல்லுங்க. அவங்க பேரையும் எழுதிட்டேன்."

"எந்த அக்கா?"

அவன் போனை அழுத்தினான். விற்ற கேசட்டுகளில் அந்தப் பகுதி கிடையாது. கடையில் கிடந்த ஒரிஜினல் டேப்பிலிருந்து அவனே ஏற்றிக்கொண்டது. பாட்டுக்கு முன்னால் ஒரு பெண் குரல் கிணுகிணுவென்று சொன்னது: "அடுத்து மண்ணூர் ஜெயலட்சுமி பாடுவாங்க. சைக்கிள எடுத்து ஓரமா வுடுங்க."

"அண்ணாச்சியோட அக்கா மவளாம், அவரே சொன்னாரு. காஞ்சிபுரத்துல கட்டிக்குடுத்திருக்காம்லா."

ஜெயலட்சுமி பையைக் கீழே வைத்தாள். அன்றைக்கு மேடையில் அவளைத் தவிரப் பெண் யாரும் இல்லை.

"ராமச்சந்திரா, உனக்கு ஏதுடா அக்கா? நீ ஒத்தப் புள்ளயாச்சே."

இராமச்சந்திரன் ஒயரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். சுற்றியதைப் பிரித்தார்.

"யாருப்பா அந்தப் பொண்ணு? சொல்லு, பஸ் எடுக்கணும்," என்றார் பழனிவேல், ஜன்னல் வழியாக.

"பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப எனக்கு சன்னக் குரலு. அன்னிக்கி டேப்புல பேட்டரி வீக்கு, ரொம்ப மெதுவா சுத்திக்கினு இருந்துது. கடைக்கு வந்து கரண்டுல போட்டா எல்லாம் வேகமா ஓடி மேல ஏறிடுச்சு. நான் பொம்பளையாயிட்டேன். என் குரல மட்டும் வெட்டிட்டேன். உன்னுத எப்படி வெட்றது? ஊரே கேசட்டு வேணும்னு கேட்டுது." அவர் ஜெயலட்சுமியை நிமிர்ந்து பார்த்தார். "ஆறரையில நீ ஒருநாளும் பாடல யக்கா. அன்னிக்கே நாலரையிலதான் பாடுன."