உலுறுவில் அள்ளிய மண்

இன்னொருக்கால் இந்த மனுசன் அந்தப் போத்தலைத் திறந்தால் நான் எழும்பி வெளிப்படியில போய் இருப்பன். ஸ்னோ கொட்டினாலும் பரவாயில்லை.

இப்படி நினைத்துக்கொண்டே றோசா தேநீரை வைத்தாள். அவளுடைய கணவர் வின்சன்ட், வீட்டுக்கு வந்திருந்த திரேசம்மா அக்காவின் முன்னால் போத்தலைத் திறந்துவிட்டார்.

"உலுறு மண், அக்கா. அசல் மடு மண் மாதிரி இல்லையே?"

2006 தை மாதம் அவுஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதிலிருந்து அவர்கள் குடியிருக்கும் வில்லரேயில் தமிழரில் பாதிப்பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். மடுமாதா கோவிலுக்குப் போனால் மண் அள்ளிவந்து விஷக்கடிக்கும் நோவுக்கும் பூசுவது மன்னாரில் வளர்ந்த வின்சன்டின் பழக்கம். பாலைவனத்தில் உலுறு என்ற அந்தப் பெரிய செம்பாறை மலையடியில், அங்குள்ள ஆதிக்குடிப் பெண் ஒருத்தி, இது எங்கள் முன்னோரின் புனித இடம், ஏறாதீர்கள், எதையும் எடுத்துப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். வின்சன்ட் பக்தியோடு தலையாட்டினார். அவள் அப்பால் போனதும் குனிந்து அள்ளினார்.

"வேண்டாமெண்டுதானே சொன்னவ?" என்றாள் றோசா.

"புனிதமெண்டு அவவே சொல்லுறா. பேந்தென்ன?"

இப்போது திரேசம்மா அக்கா எதிரே முழங்கால்களை நீட்டி இருந்தார். அடுத்த மாதம் அவருக்கு முழங்காலில் ஒப்பரேசன். நெடுநாள் காத்திருந்து கிடைத்த திகதி.

"றோசாவின்ர முழங்காலுக்கும் இதைத்தான் பூசினன். அடுத்தநாள் மான் மாதிரி நடந்தா," என்றார் வின்சன்ட்.

"உண்மையே றோசா? நீ சொன்னால் நான் ஒப்பரேசனை விட்டிடுறன். கத்தியெண்டாலே எனக்கு நடுக்கம்."

அங்கே நோ குறைந்தது உண்மைதான். மெல்பேணில் தங்கை வீட்டில் அவள் படி ஏறவில்லை, சமைக்கவில்லை, யாரும் கூப்பிட்டு எழுப்பவில்லை. இந்த மூன்றாம் மாடிக்கு ஏறிய அன்றே நோவும் கூட ஏறி வந்துவிட்டது. வின்சன்டிடம் சொன்னாள்தான். அவருக்குத் தன் கதைக்கு வேண்டியது மட்டுமே காதில் விழும். எரிச்சல் மண்ணிலா மனிதரிலா என்று அவளுக்கே பிரித்தறிய முடியவில்லை.

"சொல்லன் றோசா. ஒரு வசனம்தானே," என்றார் திரேசம்மா.

றோசா திரேசம்மாவின் பக்கத்தில் போய் இருந்தாள். "எனக்கு இப்பவும் நோகுது அக்கா. திகதியை விட்டிடாதேங்கோ."

வின்சன்ட் சிரித்துச் சமாளித்தார். "பகிடி விடுறா. கரண்டி ஒண்டு கொண்டுவாரும், அக்காவுக்குக் கொஞ்சம் கட்டிக் குடுப்பம்."

"இல்லை," என்றாள் றோசா, குரலை உயர்த்தாமல். இருந்த இடத்தைவிட்டு அவள் எழும்பவில்லை.