கப்பல் குட்டிகளின் நாற்பது நாள்

நாக்கு பட்டதா, பல் பட்டதா... அதுதானே தெரியவில்லை, இரண்டு கண்ணையும் விரித்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், செவலை நாய் கம்பி வலைக்குள் மூக்கை நுழைத்தது தெரிந்தது, கறுப்புக் குட்டி கத்தினது கேட்டது, பயத்தில் கத்தியதா வலியில் கத்தியதா, அது மட்டும் தெரியவில்லை... ஹலீமா பீ மடியில் கிடந்த காகிதத்தை இன்னொரு தரம் பிரித்தாள். பிரிக்காமலே அதில் இருப்பது அவளுக்கு மனப்பாடம். சீமையிலிருந்து வந்த இரண்டு நாய்க்குட்டிகளையும் என் தோட்டத்தில் தனியே வைத்திருந்த இந்த முப்பது நாளில் வேறு நாய் எதுவும் உள்ளே வரவில்லை, இப்படிக்குத் தோட்டத்துக்கு உடையவள், அதற்குக் கீழே கையெழுத்துக்கு இடம். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் சகீனா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், கொழுந்தன் மக்பூல் அகமதுவின் பெண்சாதி, மைக்கூட்டையும் பேனாவையும்கூட மறக்காமல் கொண்டுவந்தாள், தபால்காரனுக்குப் போடற மாதிரி ஒரு கையெழுத்து ஆபா, அவ்ளோதான் என்றாள். சாயங்காலம் அஸர் பாங்கு சொல்வதற்குள் வந்து வாங்கிக்கொள்வாள். நாளைக் காலையில் மாட்டு டாக்டர் கோதண்டராமன் அதற்காக வருகிறார். தோட்டம் ஹலீமாவின் பேரில் இருக்கிறது, கல்யாணத்தில் மஹராக எழுதிக்கொடுத்தது, பதினெட்டு வருஷத்தில் அந்தத் தோட்டத்தைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, இன்றைக்குத்தான் கேட்கிறார்கள்.

இன்று எண்பத்தோராவது நாள். இத்தாவின் நாலு மாதம் பத்து நாள் முடிய இன்னும் நாற்பத்தொன்பது இருக்கிறது. புருஷன் கலீமுல்லா மவுத்தான அன்று வளையலைக் கழற்றி வைத்தவள் வாசற்படியைத் தாண்டவில்லை, சுர்மா இல்லை, அத்தர் இல்லை, இந்த மாடி அறையும் மூங்கில் தட்டி போட்ட ஜன்னலும்தான். ஐம்பத்தோராவது நாள் காலையில் பார்சல் வண்டியில் அந்தப் பெட்டி வந்து இறங்கியது. தோல் கிடங்கில் திருட்டு ஜாஸ்தியாகிவிட்டது, சீமைநாய் வைத்தால்தான் அடங்கும் என்று அவர் உயிரோடு இருந்தபோது லண்டன் தரகருக்கு எழுதிப்போட்டிருந்தார், காவலுக்கு நாய் வைப்பதில் தடையில்லை, வீட்டுக்குள் ஏற்றாமல் இருந்தால் சரி என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டும் வைத்திருந்தார். கடிதம் போய்ச் சேர்ந்தது, மனிதர் போய்விட்டார், பெட்டியின் மேல் அவர் பேர் இங்கிலீஷில் பெரிசு பெரிசாக... மையித்து எடுத்த அன்று சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் அழச் சொல்லியும் வராத அழுகை அன்றைக்கு வந்தது. ஆளே இல்லாத பேருக்கு இரண்டு உயிர் கடல் தாண்டி வந்திருக்கிறதே, இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்த நாளே கோதண்டராமன் வந்துவிட்டார். தோட்டத்தில் நின்று நிபந்தனைகளை அவர் படித்த விதம்... இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் நிறுத்தி நிறுத்தி, பார்த்துக்கொள்ளப் போகிற சவுரியம்மாளுக்குப் புரிகிறதா என்று அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். நாற்பது நாள் வேறு நாய் நெருங்கக் கூடாது, சோறு வைப்பவள் ஒருத்திதான், அவளும் வேறு நாயைத் தொடக் கூடாது, மிச்சச் சோற்றைச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும், நடுவில் ஏதாவது நாய் உள்ளே வந்துவிட்டால் நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும், கடித்துவிட்டால் ஆறு மாதம் பூட்டி வைத்துப் பார்க்க வேண்டும். மாடி ஜன்னலில் ஹலீமாவின் பக்கத்தில் நின்று கேட்ட சகீனாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, "அல்லாவே, கப்பல் நாய்ங்களுக்கும் இத்தா வெச்சிட்டாங்களே ஆபா!" என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஹலீமாவுக்குக் கோபம் வரவில்லை, இந்த எண்பத்தோரு நாளில் அன்று ஒரு தரம்தான் சிரித்தாள். ஆனால் அவளுக்கு வியப்பாக இருந்தது வேறு. குட்டியைக் கப்பல் ஏற்றுவதற்குமுன் அது தாய்ப்பாலை மறந்துவிட்டதா என்று ஒரு டாக்டர் பார்த்து எழுதித் தந்திருக்கிறாராம், அது பிறந்த ஊரில் வெறிநாய் நடமாட்டம் இல்லை என்று இன்னொரு காகிதமாம், கப்பலில் ஆடு அறுக்கிறவன்தான் அதற்குச் சோறு வைத்தானாம்... யார் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்திருப்பார்கள்? வெறிநாய் கடித்த பிள்ளையை ஒரு தரமாவது பக்கத்தில் இருந்து பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும், வெறும் அதிகாரத்துக்கு இத்தனை நுணுக்கம் வராது. காவேரிப்பாக்கத்திலிருந்து பதின்மூன்று வயதில் என்னை வண்டி ஏற்றி இந்த ஆம்பூருக்கு அனுப்பினார்களே, அம்மா நினைப்பு மறந்துவிட்டதா என்று யார் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள்?

நிபந்தனை போட்டவன் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைக் காப்பாற்றினவள் சவுரியம்மாள். முன்பெல்லாம் அவள் சந்தில் வந்தால் ஹலீமாவே ஜன்னலைச் சாத்தியிருக்கிறாள். மெல்லிசான ஆட்டுத்தோல் இளகுவதற்கு நாய்ப்பீ கரைத்த தொட்டியில் ஊற வேண்டும், அதைப் பொறுக்கிக்கொண்டு வருவது அவள் வேலை, விடிவதற்குமுன் தகர டப்பாவோடு ஊரைச் சுற்றிவிடுவாள், எந்தத் தெருவில் எந்த நாய், எதற்கு வயிறு சரியில்லை, எது சினையாக இருக்கிறது, எல்லாம் அத்துப்படி. அதனால்தான் மக்பூல் அவளை வைத்தான். அவளோ டப்பாவைக் கொட்டகையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தான் வளர்த்த நாயைக் குடியாத்தத்துத் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள், யாரும் சொல்லாமலே. காலையில் வந்ததும் ஆணியில் தொங்குகிற வேறு புடவைக்கு மாறுவாள், கார்பாலிக் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுவாள், போகும்போது மறுபடியும், ஹலீமா மேலிருந்து எண்ணியிருக்கிறாள், ஏழு தரம். இத்தனை எதுக்கு என்று தோட்டக்காரன் கேட்டதற்கு, "நாய் பட்டா சாயபு வூட்டு மொறை ஏழு, டாக்டரு மொறை சோப்பு, ரெண்டயும் செஞ்சிட்டா எவனும் வாயத் தொறக்க முடியாது பாரு" என்றாள். முதல் மூன்று நாள் குட்டிகள் சோற்றைத் தொடவில்லை, "இன்னாடா தொர, ஆத்தா நெனப்பு வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு அதுகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள், பார்த்துக்கொண்டிருந்தால் தின்னாதாம், உச்சி வெயில் தலையில் இறங்க இறங்க அப்படியே உட்கார்ந்திருந்தாள், முதுகுக்குப் பின்னால் சளப்சளப்பென்று சத்தம் கேட்டபோது அவள் தோள் லேசாகக் குலுங்கியது, சிரித்தாளா அழுதாளா, மேலிருந்து தெரியவில்லை. அன்றிலிருந்து காற்று திரும்பிச் சுண்ணாம்புத் தொட்டி நாற்றம் வந்தாலும் ஹலீமா ஜன்னலைச் சாத்தவில்லை.

சாத்தியிருந்தால் இது நடந்திருக்காது. சனிக்கிழமை மதியம், வீட்டில் எல்லாரும் படுத்திருந்தார்கள், சவுரியம்மாள் தண்ணீர்க் குடத்தோடு தோட்டக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள் துருப்பிடித்து உடைந்து போய் எத்தனையோ நாளாகிறது, அவள் கயிறு போட்டுக் கட்டுவது வழக்கம், குடத்தை இறக்கிவிட்டுக் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டாள்... அப்போதுதான் ஹலீமா சாவியால் ஜன்னல் கட்டையைத் தட்டினாள். ஏன் தட்டினேன்? நாற்பதாவது நாள் ஃபாத்திஹாவுக்கு அவருடைய துணிமணியெல்லாம் கொடுத்தாகிவிட்டது, தலையணை உறையைக்கூட வெளுத்துப் போட்டுவிட்டார்கள், அவர் வரவழைத்ததில் மிச்சம் இந்த இரண்டுதான், அதையும் தொட முடியாது, இறங்கிப் போய்ப் பார்க்கவும் முடியாது. "சவுரியம்மா, அதுங்க மேல இன்னா வாசன வருது?" இதுதான் கேட்டது, இந்தப் பைத்தியக்காரக் கேள்விதான். சவுரியம்மாள் சிரிக்கவில்லை. கயிற்றைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, உண்மையாகவே யோசித்து, "வந்தப்ப தாரு வாசன பீபிம்மா. இப்ப அது போயிடுச்சி. ஈரக் கோணியும் பாலும் கலந்தாப்பல இருக்குது, மோந்துகிட்டே இருக்கலாம்" என்றாள். அதற்குள் பின்னால் செவலை நாய். குடத்தை அப்படியே தூக்கி எறிந்தாள், குடம் உடைந்தது, நாய் ஓடியது. கறுப்புக் குட்டியின் மூஞ்சி ரோமத்தை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு தரம் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்து, நீங்க கூப்பிடவே இல்லை என்பது போல மெல்லத் தலையாட்டினாள்.

யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமை கோதண்டராமன் வந்தபோது அவரே எதுவும் கேட்பதற்கு முன்னால் அவள் போய் நின்றாள், "நானே சொல்லிட்றேன் ஐயா. சனிக்கெழம ஒரு நாய் உள்ள பூந்துடுச்சி. இஸ்டேசனாண்ட சுத்துமே காது கிழிஞ்ச செவல, அது. நேத்து வெறி புடிச்சிச்சின்னு ஜனங்க அடிச்சிப் போட்டாங்களே, அதேதான்." கதவு திறந்திருந்ததா என்றார். "நான்தான் கட்டல." ஏன் கட்டவில்லை என்றார். "மறந்துட்டேன்." தட்டிக்குப் பின்னால் நின்று ஹலீமா கேட்டாள். முப்பது நாளில் ஒரு நாள், ஒரு வேளை, எதையாவது மறந்தவளா அவள்? மக்பூல் சிரித்துக்கொண்டே, "உள்ள கள்ளு போனா இவளுக்குத் தோல் மூட்டகூட நாயாத் தெரியும் டாக்டர்" என்றான், கூட நின்றவர்களும் சிரித்தார்கள். "நான் குடிக்கறவ இல்ல சாயபு" என்று மட்டும் சொன்னாள், குரல் உயரவில்லை. கோதண்டராமன் குட்டியைப் புரட்டிப் பார்த்தார், இத்தனை ரோமத்துக்குள் சின்னக் கீறல் இருந்தால்கூடத் தெரியாது என்றார், அப்புறம் தோட்டத்துக்கு உடையவர்கள் எழுதித் தரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மக்பூலையும் என்ன சொல்வது... அண்ணன் போனதிலிருந்து ஒற்றை ஆளாகத் தோல் ஷாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், தோல் வாங்குகிற மெட்ராஸ் கம்பெனி துரை குட்டிகளின் நாற்பத்தோராவது நாள் மகளோடு வருகிறார், கறுப்புக் குட்டி உனக்குத்தான் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. பத்து வயசுப் பெண். நாய்க்குட்டி கிடைத்தால் பத்து வயசுப் பெண் முதலில் என்ன செய்யும், மூஞ்சியோடு மூஞ்சி வைத்துத்தான் கொஞ்சும்... அப்புறம் வெறிநாய் வைத்தியத்துக்குக் குன்னூருக்கு ரயில், வயிற்றில் பதினாலு ஊசி, அதற்குள் நேரம் கடந்துவிட்டால்? வேண்டாம் யா அல்லா. சவுரியம்மாள் அந்த மூஞ்சியைத்தான் நினைத்துச் சொல்லியிருக்கிறாள், பார்த்தே இராத ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் மூஞ்சியை.

படிக்கட்டில் கால் சத்தம். கீழேயிருந்து மக்பூல், "சகீனா, ஆச்சா?" என்று குரல் கொடுத்தான். சகீனா உள்ளே வந்து காகிதத்தைப் பார்த்தாள், வெறும் இடத்தைப் பார்த்தாள், "மை காஞ்சிடுச்சா ஆபா?" என்றாள்.

"மை நல்லாத்தான் இருக்கு. நாய் வந்தத நான் பாத்தேன் சகீனா."

சண்டை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. சகீனா பெருமூச்சு விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தாள், "அவரு அப்பவே சொன்னாரு, ஆபா பொய்யில கை வெக்க மாட்டாங்கன்னு. இது வேற. வந்துச்சின்னே எழுதியிருக்கு. வேலைக்காரி கதவத் தொறந்து போட்டா, நாய் வந்துச்சி, அவள நாளையோட நிறுத்திடறோம், டாக்டரு எத்தினி நாள் பூட்டி வெக்கச் சொன்னாலும் வெக்கறோம். துரைக்கு வேற ஏதாச்சும் சொல்லிக்கறாராம். இப்ப ஒங்களுக்கு ஒரு பேஜாரும் இல்லியே?"

ஹலீமா வாங்கிப் படித்தாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கதவு திறந்துதான் கிடந்தது, திறந்து போட்டவள் சவுரியம்மாள்தான், அவளே அதைத் தன் வாயால் சொன்னாள். குட்டிகள் பிழைக்கும், அந்தப் பெண்ணும் பிழைக்கும், இத்தாவில் இருக்கிறவள் பட்டப்பகலில் ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டாள் என்கிற பேச்சும் வராது... எல்லாருக்கும் சரியாக இருக்கிறது, ஒருத்தியைத் தவிர. கீழே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. சாயங்காலக் கழுவல். ஒன்று, இரண்டு... முப்பது நாளாக இந்த ஜன்னலில் உட்கார்ந்து அவளை மெச்சி மெச்சிப் பார்த்தேனே, மெச்சுவதற்கு எனக்கு என்ன செலவானது? மூன்று.

காகிதம் இரண்டையும் ஒன்றாக மடித்து சகீனாவின் கையில் வைத்தாள்.

"இதுவும் வேணாம்மா."

"இதுல இன்னா பொய் ஆபா?"

"பொய்யில்ல. கதவு ஏன் தொறந்திருந்துச்சின்னு இதுல இல்ல."

"ஏன் தொறந்திருந்துச்சி?"

நாளைக்குக் கோதண்டராமனும் இதைத்தான் கேட்பார், தட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, மக்பூலும் பக்கத்தில் இருப்பான், நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்ல அப்போது வாய் வருமா, மறந்துட்டேன் என்று சவுரியம்மாள் சொன்ன மாதிரி அத்தனை சுளுவாக எனக்கு ஒரு வார்த்தை வருமா... தெரியவில்லை. பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. கீழே ஐந்து. ஹலீமா பேனாவைத் துடைத்து மைக்கூட்டை மூடி அதையும் சகீனாவிடம் நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போ சகீனா. நான் போடல."